திண்ணைப் பள்ளியின் மணலும் என் அப்பாயியும்

சென்ற விஜயதசமியன்று என் மகள் வயிற்றுப் பேரனுக்கு எழுத்தறிவித்தோம். பித்தளைத் தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, பையனை மடியில் உட்காரவைத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தேன். முதல் சுழி போட்டதுமே கையை உதறிக்கொண்டு அரிசியை வாரி வாயில் போட்டுக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம். போட்டோ எடுத்தார்கள். தாம்பாளத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். அந்த வாரமே நர்சரிப் பள்ளியில் அவன் கையில் பென்சிலைக் கொடுத்து, கோடு போட்ட நோட்டில் இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்லிவிட்டார்கள். பையனுக்கு வயது மூன்றரை.

அரிசியில் எழுதுவது சடங்கு, நோட்டில் எழுதுவது படிப்பு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்துக் கிராமங்களில் அந்தச் சடங்குதான் படிப்பாக இருந்தது. ஒரு நாள் கூத்து இல்லை, மாதக்கணக்கில் நடந்தது. அரிசிக்குப் பதில் மணல், அவ்வளவுதான் வித்தியாசம். முப்பத்தெட்டு வருஷம் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் மேய்த்தவன் என்ற முறையில் அந்த மணலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அதில் எனக்கு ஒரு பழைய கடனும் இருக்கிறது.

திண்ணைப் பள்ளிக்கூடம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் திண்ணையில் நடந்ததில்லை. கோயில் மண்டபம், சாவடி, வாத்தியார் வீட்டு முற்றம், மரத்தடி என்று இடம் கிடைத்தபடி நடந்தது. ஒரே வாத்தியார்; சில ஊர்களில் அண்ணாவி என்பார்கள். ஐந்து வயதுப் பையனும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முன்னால் ஆற்று மணலைப் பரப்பி, வாத்தியாரோ சட்டாம்பிள்ளையோ அவன் விரலைப் பிடித்து எழுதுவார். எழுதும்போதே உரக்கச் சொல்ல வேண்டும்: அனா, ஆவன்னா, இனா, ஈயன்னா. வாய் திறக்காமல் விரல் மட்டும் நகர்ந்தால் முதுகில் ஒன்று விழும். தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு மறுபடி எழுதலாம். எழுத்து கைக்குப் படிந்த பிறகுதான் பனையோலை, எழுத்தாணி. ஓலையில் கீறினால் அழிக்க முடியாது, அதனால் மணலில் தேறாதவனுக்கு ஓலை கிடையாது. அந்த ஓலைக்கும் முதலில் மஞ்சளும் மையும் பூசி ஒரு பூஜை உண்டு.

எழுத்தோடு கூடவே மனப்பாடம். ஔவையாரின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், பிறகு உலகநீதி. இன்னொரு பக்கம் எண்சுவடி. ஒன்று, இரண்டு என்று ஆரம்பிப்பது மட்டுமில்லை, கீழ்வாய் இலக்கமும் உண்டு. முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி, எண்பதில் ஒன்று காணி, இருபதில் ஒன்று மா, பதினாறில் ஒன்று மாகாணி. இன்றைக்குக் கல்லூரிப் பையனிடம் சொன்னால் முந்திரிப் பருப்பு என்று நினைப்பான்.

நம் பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதும்போது தாம் படித்த பள்ளிக்கூடங்களை விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார். பிரம்படி பற்றியும் அதில் நிறைய வரும். எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். சாயங்காலம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் முன் வாத்தியார் ஒவ்வொருவனிடமும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார்: ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர். மறுநாள் காலையில் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். ஞாபகசக்திக்காக வைத்த பயிற்சி இது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பையன் ஒரு பூவின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடப்பான். வழியில் இன்னொருத்தன் தன் பறவையைச் சொல்வான். அம்மாவிடம் போய் 'இந்தப் பூ நம் ஊரில் எங்கே இருக்கு?' என்று கேட்பான். ஒரு சொல்லைச் சுற்றி ஒரு ராத்திரி முழுக்கப் பேச்சு. நான் ஆசிரியர் பயிற்சியில் படித்த எந்தப் பாடத்திட்டத்திலும் இவ்வளவு செலவில்லாத மொழிப் பாடம் ஒன்றைப் பார்த்ததில்லை.

இந்த மணலில் வெளிநாட்டுக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவுக்குத் தமிழ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. கற்றுக்கொள்ள இலக்கணப் புத்தகம் கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார் என்றால், ஊரில் பள்ளி நடத்திவந்த ஒரு கிழ வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகளோடு தாமும் கூட வந்தவரும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, விரலால் மணலில் எழுதி, அவர்களோடு சேர்ந்து கத்தினார்கள். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் அதே பிள்ளைகள் ஒப்பித்த கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் மொழிபெயர்த்துவிட்டார். தமிழ் அச்சுக்கூடம், புதிய ஏற்பாடு எல்லாம் அதற்குப் பிறகு. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் படித்த மனிதர், ஐந்து வயதுப் பிள்ளையோடு உட்காருவதில் வெட்கப்படவில்லை. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துக்காரர், இவரும் பாதிரியார்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அவர்கள். சம்பளத்துக்கு இருந்த வாத்தியார்களுக்கு அக்கறை இல்லை. மாதக்கணக்கில் எழுத்துக்கூட ஏறவில்லை. ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது பெல் ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்த்தார். மலபார் என்றதும் கேரளம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழர்களைத்தான் அப்படி அழைத்தார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். வந்து தம் வாத்தியாரிடம் அதேபோலச் செய்யச் சொன்னார். அதெல்லாம் முடியாது என்றார் அவர். பெல் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடு என்றார். வாத்தியாரால் முடியாது என்றது பையனால் முடிந்தது.

மணலைத் தமிழ்ப் பள்ளியில் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டேன் என்று பெல் ஒப்புக்கொள்கிறார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்பார். நம் சட்டாம்பிள்ளைகள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். 1796-இல் ஊர் திரும்பி, அடுத்த வருஷமே லண்டனில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் ஏறக்குறைய இதையே தம் முறை என்று கிளம்ப, இருவரின் ஆதரவாளர்களும் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள், ஒரு வாத்தியார், அவருக்குக் கீழே சின்னச் சின்னச் சட்டாம்பிள்ளைகள். செலவு குறைவு என்பதால் பெரிய மனிதர்களுக்கும் பிடித்துப்போயிற்று. பெல் 1832-இல் செத்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுப்போன பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் கட்டிய பள்ளிக்கூடத்துக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

இதைச் சொன்னால் நம்மவர்களுக்குப் பெருமை தாங்காது. 'பார்த்தாயா, வெள்ளைக்காரனுக்கே நாம்தான் சொல்லிக்கொடுத்தோம்' என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் அந்தப் பெருமை இருந்தது. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கைப் படித்த பிறகு அது பாதியாகக் குறைந்துவிட்டது.

1822-இல் மன்றோ எல்லா ஜில்லாக் கலெக்டர்களுக்கும் எழுதி, உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதி என்று கணக்குக் கேட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் ஜில்லாக்கள் எல்லாம் சேர்ந்தது அன்றைய ராஜதானி. 1826-இல் அவர் தொகுத்த கணக்கில் ஜனத்தொகை 1,28,50,941. பள்ளிகள் 12,498. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அந்தக் காலத்துக்கு இது குறைவில்லை, சற்று முந்தைய காலத்து ஐரோப்பாவில் பெரும்பாலான தேசங்களின் நிலை இதைவிட மோசம் என்று மன்றோவே எழுதினார். தமிழ் ஜில்லாக்களில் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிராமணர் அல்லாதவர்கள். இதை எல்லாம் தரம்பால் 1983-இல் தம் புத்தகத்தில் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். இதுவரை பெருமைதான்.

அடுத்த கட்டத்தைப் பாருங்கள். ஆண் பிள்ளைகள் 1,84,110. பெண் பிள்ளைகள் 4,540. அந்த நாலாயிரத்துச் சொச்சத்திலும் கோயிலில் ஆடும் பெண்கள் கணிசம் என்று கலெக்டர்களே குறிப்பு எழுதியிருக்கிறார்கள். சேரிப் பிள்ளைகள் அந்தத் திண்ணைக்குக் கிட்டேயே வர முடியாது. தெருவிலேயே நடக்க முடியாதவன் திண்ணையில் எப்படி உட்காருவான்? ஆகவே திண்ணையைப் புகழும்போது அதன் உயரத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

உள்ளே உட்கார்ந்தவனுக்கும் முழுக்கக் கிடைத்துவிடவில்லை. பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் மன்றோவின் கேள்விக்கு எழுதிய பதில் ரொம்ப விவரமானது. காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் மரியாதைக்காகச் சரஸ்வதி என்று எழுதுவார்களாம். இரண்டாவதாக வந்தவனுக்கு வெறும் சுன்னம். மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வருபவன் கதி என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மணலில் எழுதும் முறையையும் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தருவதையும் அவர் மனதாரப் பாராட்டுகிறார். ஆனால் பிள்ளைகள் ஒப்பிக்கும் செய்யுள்கள் பேச்சு மொழியிலிருந்து வெகுதூரம் விலகியவை, பையனுக்கும் பொருள் தெரியாது, பல சமயம் வாத்தியாருக்கும் தெரியாது, கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறார்கள் என்கிறார். அவர் பார்த்தவை தெலுங்கு, கன்னடப் பள்ளிகள். நம் பக்கத்துக்கும் அது பொருந்தும் என்பதை, கோதண்டம் போட்டுத் தொங்கிய பெரியவர்கள் சிலரிடம் நானே நேரில் கேட்டிருக்கிறேன்.

இனி என் அப்பாயி.

அப்பாயி என்றால் அப்பாவைப் பெற்றவள். பெயரைச் சொல்லப்போவதில்லை. வீட்டுப் பெண்களின் பெயரை இங்கே எழுதுவதில்லை என்று ஒரு வைராக்கியம். கடைசி எழுத்து 'லை' என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 1896-லோ 97-லோ பிறந்தவள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தெருக்கோடி வீட்டுத் திண்ணையில் ஒரு வாத்தியார் பள்ளி நடத்தினார். அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேர் அங்கே படித்தார்கள். அவள் வேலை, கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன்களுக்கு நீராகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது. கொடுத்துவிட்டுத் தம்பி தூங்கும்வரை திண்ணைக்குக் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். மேலே முப்பது பேர் கத்துவார்கள். எத்தனை வருஷம் அப்படி உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. கல்யாணம் ஆகிற வரைக்கும் இருக்கும்.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றும் தலைகீழாக வரும். அண்ணன்கள் கிளிப்பிள்ளையாகத்தான் சொன்னார்களோ என்னவோ, அப்பாயி தயிர் கடையும்போதும் நாற்று நடும்போதும் சண்டை போடும்போதும் இடத்துக்குத் தகுந்தபடி அதிலிருந்து ஒன்றை எடுத்து வீசுவாள். நாங்கள் பேச ஆரம்பிக்கும் முன்பிருந்தே அவள் மடியில் அதைக் கேட்டு வளர்ந்தோம். தாலாட்டு, விடுகதை, நாக்குப் புரளாத வாக்கியங்கள் என்று ராத்திரியெல்லாம் பேச்சுதான். நான் ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படவில்லை என்றால் அதற்குக் காரணம் பள்ளிக்கூடம் இல்லை. வாசித்த சொல் எல்லாம் ஏற்கெனவே காதில் இருந்தது. கண் வந்து அதோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷத்தில் வாசிக்கத் திணறிய பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் பார்த்தேன். பாதிப் பேருக்கு எழுத்து தெரியும். ஆனால் 'வரப்பு' என்று எழுத்துக் கூட்டி முடித்த பிறகும் முகத்தில் ஒன்றும் தெரியாது. அந்தச் சொல்லை யாரும் அவர்களிடம் பேசியதில்லை.

கணக்கிலும் அப்பாயி புலி. அறுவடைக் களத்தில் என் அப்பா பென்சிலைத் தேடிக்கொண்டிருப்பார். 'பதினேழு கலத்துல மாகாணி, ஒரு கலம் முக்கா மரக்கா' என்று அவள் சொல்லி முடித்துவிடுவாள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நீங்களே போட்டுப் பாருங்கள், சரியாக இருக்கும்.

ஆனால் கூட்டுறவுச் சங்கத்திலும் பத்திரப் பதிவிலும் கைநாட்டு. ஊதா மை பெருவிரலில் இரண்டு நாள் போகாது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். காதும் வாயும் அவளுக்குத் தாமாக வந்தன. விரலைப் பிடித்து மணலில் வைக்க ஆள் வேண்டும், அது அவளுக்குக் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் ஊரிலும் காலம் மாறிவிட்டது. 1860களிலேயே சென்னை ராஜதானியில் திண்ணைப் பள்ளிகளுக்கும் அரசு மானியம் என்று வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார், எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதற்குத் தகுந்த பணம். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் காசு உண்டு. பூப்பெயர், பறவைப்பெயர் ஒப்பிப்பதற்குக் காசு கிடையாது. மணலில் எழுதியதை இன்ஸ்பெக்டரிடம் எடுத்துக் காட்ட முடியாது, அது அழிந்துபோயிருக்கும். சிலேட்டு வந்தது, அச்சுப் புத்தகம் வந்தது, ஓலை போயிற்று. நான் இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. பெண் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் உள்ளே வந்தது அச்சுப் புத்தகப் பள்ளிக்கூடங்களின் காலத்தில்தான். அதுவும் சண்டை போட்டு. இருந்தாலும் மணலோடு சேர்த்துப் பேச்சையும் ஏன் கூட்டித் தள்ளினார்கள் என்பதுதான் என் வருத்தம்.

1966-இல் நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் பாடம் இருந்தது. இத்தாலிய டாக்டர். 1939-இல் பிரம்மஞான சபையார் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். வந்த இடத்தில் யுத்தம் மாட்டிக்கொண்டது. இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் ஊர் திரும்ப முடியாமல் அடையாறு, கொடைக்கானல் என்று 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அவர் முறையில் முக்கியமான சாமான் ஒன்று உண்டு: உப்புத்தாளை எழுத்து வடிவத்தில் வெட்டி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். பிள்ளை அதை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். எங்கள் பயிற்சிப் பள்ளியில் அந்த அட்டைகள் ஒரு செட் இருந்தது. பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதிகாரிகள் வரும்போது வெளியே வரும். விரல், சொரசொரப்பு, வாயில் ஒலி. மயிலாப்பூரிலிருந்து நடந்தால் எட்டக்கூடிய அடையாறுக்கு ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்த நம் திண்ணை மணல்போல எனக்குத் தோன்றியது இப்போதுதான். அப்போது பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி.

லீவுக்கு ஊருக்கு வந்தபோது எனக்கு ஓர் உற்சாகம். பாடம் நடத்திப் பழக ஆள் வேண்டும். அப்பாயிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பினேன். அவளுக்கு எழுபது வயது. கடையில் ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கிவந்தேன். கூடத்தில் உட்காரவைத்து, மேல் ஓரத்தில் 'அ' எழுதி, இதைப் பார்த்துக் கீழே எழுது என்றேன். களைக்கொட்டு பிடித்த கை. குச்சியை அதேபோலப் பிடித்தாள். கிரீச்சென்று சத்தம் வந்தது, குச்சி உடைந்தது. மறுபடி ஒன்று, அதுவும் உடைந்தது. நாலைந்து நாள் போயிற்று. ஒரு நாள், 'இது கையில நிக்க மாட்டேங்குதே தம்பி' என்றாள். நான் சொன்னேன்: 'வயசாயிட்டா மண்டைல ஏறாது அப்பாயி, விடு.'

பாடத்திட்டம் எழுதி மார்க் வாங்கியவன் நான். அவள் ஒன்றும் பேசவில்லை. சிலேட்டைத் துடைத்து மாடத்தில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். மண்டையில் எப்போதோ ஏறிவிட்டது, கைதான் பாக்கி என்பது எனக்கு அப்போது புரியவில்லை. பின்னால் படித்தேன்: சின்னக் குழந்தைக்கு மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றாக இறுகிப் பத்து வயதைத் தாண்டித்தான் எல்லாம் முடியும் என்று. அதனால்தான் மூன்றரை வயதுப் பிள்ளையின் பென்சிலைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அப்பாயிக்கு நேர்மாறு, கை இறுகி முடிந்துவிட்டது. இரண்டு கைக்கும் இடம் கொடுப்பது மணல் மட்டும்தான். அதில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்த லீவுக்கு வந்தபோது கொல்லைப்புறத்தில் பேச்சுக்குரல் கேட்டது. போய்ப் பார்த்தேன். குடமுருட்டி மணலை ஒரு பழைய முறத்தில் கொட்டிப் பரப்பியிருந்தது. இந்தப் பக்கம் அப்பாயி. எதிரே இரண்டாம் வகுப்புப் படித்த என் தங்கை. தங்கை அப்பாயியின் விரலைப் பிடித்திருந்தாள். 'சொல்லிக்கிட்டே எழுது அப்பாயி, சொன்னாத்தான் வரும்' என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த அதட்டலை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. எழுபது வயதுக் கிழவி ஏழு வயதுப் பெண்ணிடம் 'ஆவன்னா' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்கு இல்லாத வெட்கம் அவளுக்கும் இல்லை. வெட்கப்பட வேண்டியவன் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

வேலைக்குப் போன பிறகு என் வகுப்பில் ஒரு மூலையில் செங்கல் அடுக்கி மணல் கொட்டிவைத்தேன். வகுப்பில் அறுபது பிள்ளைகள். கொஞ்சம் தேறிய பிள்ளைகளை மற்றவர்களுக்குச் சொல்லித்தர உட்காரவைத்துவிட்டு, மீதிப் பேரோடு கதை பேசுவேன். பள்ளிக்கூடத்தில் குப்பை சேர்த்துவைத்திருக்கிறார் என்று பார்வைக்கு வந்த ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போனார். இரண்டு வருஷம் எடுத்துவிட்டேன், அவர் மாற்றலாகிப் போன பிறகு மறுபடி கொட்டினேன். நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், 2007-இல், செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், நாலு வகுப்பும் கலந்து. சுவரின் அடியில் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை பூசினார்கள். பழைய பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு வருஷம் முன்னாலேயே இதைச் செய்திருக்கக்கூடாதா என்று திட்டிக்கொண்டே வந்தேன்.

அப்பாயி எல்லா எழுத்தும் படிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது அவள் பெயர்தான். அதில் மற்ற எழுத்துகள் சீக்கிரம் வந்துவிட்டன. 'லை' தகராறு செய்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது 'லை' என்றால் முன்னால் கொம்பு போட்டு எழுதும் லை இல்லை. லகரத்தின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்து எழுத வேண்டும். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-இல்தான் அந்தத் துதிக்கை போயிற்று. என் தங்கை அதை ஆனை என்றே சொல்லிக்கொடுத்தாள். அப்பாயிக்கு ஆனை பிடித்துப்போயிற்று. மற்ற எழுத்தைச் சின்னதாக எழுதிவிட்டு, அதற்கு மட்டும் முறத்தில் பாதி இடம் எடுத்துக்கொள்வாள்.

1969-இல் கூட்டுறவுச் சங்கத்தில் உரக்கடனுக்குக் கையெழுத்துப் போடப் போனோம். குமாஸ்தா வழக்கம்போல மைப்பெட்டியை நகர்த்தினார். அப்பாயி வேண்டாம் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். முதலில் நோட்டில் எழுதவில்லை. மேஜை மேல் விரலால் ஒரு தரம் எழுதிப் பார்த்தாள், வாய்க்குள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டு. பிறகுதான் பேனா. கையெழுத்து கட்டத்துக்குள் அடங்கவில்லை. துதிக்கை மேலே இருந்தவருடைய கைநாட்டின் மேல் ஏறிப்போய் நின்றது.